தூரத்து மூலையில் ஒரு டபுள் ஆக்சல்

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளில் முடிவு சொல்லும் மேசைக்குப் புதிதாக வரப்போகிறவர்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் போதும், உற்சாகமாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். இது இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். உற்சாகத்துக்கு வேறு யாரையாவது பாருங்கள்.

உங்களில் மூன்று பேர் நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடத்திய கடைசிப் பயிற்சி வகுப்பில் இருந்தீர்கள். அங்கே ஒரு கதை சொன்னேன். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி போட்டியில் ஆடினாள், அவள் தாவலில் குறை இருந்தது, சொந்த ஊர்ப் பெண்ணாயிற்றே என்று பார்க்காமல் குறை என்று சொன்னேன், நடுநிலை என்றால் இதுதான் என்று முடித்தேன். கைதட்டினீர்கள். ஒருவர் அதைக் குறிப்பேட்டில்கூட எழுதிக்கொண்டார். தயவுசெய்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் சொன்னது பாதிக் கதை, அதுவும் எனக்குச் சாதகமான பாதி.

முதலில் நம் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், ஆனால் இதை உங்கள் வீட்டாரும் எடுத்துப் படிப்பார்கள். மலையூர் தானா ராத்தாவில் நான் காலையில் தே தாரிக் என்கிற ஆற்றிய டீ குடிக்கும் கடையின் பாய், "ஐஸ்ல வழுக்கி விழுறவங்களுக்கு மார்க்கு போடுற வேலைதானே உங்களுது?" என்று கேட்பார். பெரும்பாலும் அதுதான் பாய் என்பேன்.

இந்த விளையாட்டில் பல பிரிவுகள். ஒற்றையரில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. தாவல்களும் சுழற்சிகளும்தான் அங்கே உயிர். ஜோடிப் பிரிவில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவான், காற்றில் வீசுவான், அவள் ஒற்றைக் காலில் வந்து இறங்குவாள். ஐஸ் டான்ஸிலும் ஆண், பெண் இருவர்தான், ஆனால் வீசுவது கிடையாது, தலைக்கு மேல் தூக்குவதும் கிடையாது. இசையின் தாளத்தோடு இரண்டு பேருடைய பாதங்கள் எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு சுத்தமாகப் போகின்றன என்பதைப் பார்ப்போம். குழுப் பிரிவில் பதினாறு பேர் ஒரே வரிசையாக ஆடுவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் தவறு ஒளிந்துகொள்ளும் இடம் வேறு. ஜோடியைப் பார்த்துப் பழகிய கண் ஐஸ் டான்ஸில் ஏமாந்து போகும்.

ஐஸ் ஓரத்தில் இரண்டு வகை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவர்கள், செய்தது எவ்வளவு அழகு என்று மதிப்பெண் போடுவார்கள். இன்னொரு மேசையில் மூன்று பேர், ஆடியவர் என்ன செய்தார் என்று முடிவு செய்வார்கள். எந்தத் தாவல், எத்தனை சுற்று, முழுமையா, குறையா. அந்த மூன்று பேரில் ஒருவர் நிபுணர், ஒருவர் துணை நிபுணர், மூன்றாமவர் கண்ட்ரோலர். மற்ற இருவரும் வேறு வேறு சொன்னால் கண்ட்ரோலர் சொல்வதுதான் முடிவு. நான் பல வருஷம் உட்கார்ந்தது அந்த மூன்றாவது நாற்காலியில்.

இந்த வேலைக்குள் என்னை இழுத்து வந்தவர் ஒரு ரெஃப்ரீ, போட்டியை நடத்தும் தலைமை நடுவர். நான் கோலாலம்பூரில் ஒரு ஷாப்பிங் மால் அரங்கில் ஸ்கேட் காலணி வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, பிறகு மேசைக்கு வந்தவள். பயிற்சிக்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்த முதல் போட்டியில் ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. அருமையான ஆட்டம். திடீரென்று அவர் விசில் ஊதி இசையை நிறுத்திவிட்டார். ஐஸ் மேல் ஒரு பாசிமணி கிடக்கிறது என்றார். யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது, அந்தப் பெண் அழுதாள், அதிகாரி ஒருவர் ஓடி வந்தார். குனிந்து தேடி எடுத்ததில் சட்டையிலிருந்து உதிர்ந்த மணி ஒன்று, அரிசி அளவுதான். தேடியும் மணி கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டேன். "என்னைத் திட்டியிருப்பாங்க, அவ்வளவுதானே" என்றார். அதைச் சொல்லிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டார்.

அவரிடமிருந்து கண்ணை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொண்டேன். திட்டு வாங்குவதைக் கற்றுக்கொள்ளவில்லை. இனி சொல்லப்போவதெல்லாம் அந்தக் குறையால் வந்ததுதான்.

அந்தப் பெண்ணை இங்கே பிரிசில்லா என்று வைத்துக்கொள்வோம், பிரிசி. பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் அப்பாவுக்கு சவரிமுத்து என்று ஒரு பெயர் வைக்கிறேன். அவர் கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஓட்டினார். அம்மா தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை பொட்டலம் போடும் பகுதியில் வேலை பார்த்தார். நான் பிறந்த அதே லயத்து வரிசை வீடுகளில்தான் அவர்கள் வீடு, நாங்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கு நாலு கதவு தள்ளி. எங்களுக்குள் ரத்த உறவு கிடையாது. ஆனால் சவரிமுத்து என்னை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் அவர் மகளுக்கு நான் அத்தை. லயத்தில் கணக்கு அப்படித்தான், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் சில வருஷம் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் ஐஸ் போட்டு வைத்திருந்தது. வெள்ளைப் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி, மேலே வழவழப்பான திரவம் தெளித்த தளம். ஸ்ட்ராபெரி தின்றுவிட்டு வரும் சுற்றுலாக்காரர்கள் அதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள். வார நாட்களில் ஆள் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் தோட்டத்துப் பிள்ளைகளைக் காவலாளி உள்ளே விட்டுவிடுவார். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பிரிசியை அங்கேதான் பார்த்தேன். பத்து வயது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், டிவியில் பார்த்ததை வைத்துக்கொண்டு தாவிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அன்றைக்கே சவரிமுத்து வீட்டுக்குப் போய்ப் பேசினேன்.

அதன் பிறகு ஆறு வருஷம் அவள் சனிக்கிழமைகளில் அப்பாவின் லோரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கோலாலம்பூர் வருவாள். எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் அவளை எடுத்துக்கொண்டார். நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, மேசையில் உட்காருகிறவள் கற்றுக்கொடுக்கக் கூடாது. மற்ற நாட்களெல்லாம் பிரிஞ்சாங் பலகையில் தனியாகப் பயிற்சி செய்வாள்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். உண்மையான ஐஸ் மன்னிக்கும். காற்றில் சுற்று கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இறங்கினாலும், பிளேடு ஐஸ் மேல் திரும்பி மிச்சத்தை முடித்துக்கொள்ளும். பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறார்கள். அந்தப் பலகையில் அது நடக்காது. மிச்சம் வைத்து இறங்கினால் பிளேடு பிடித்துக்கொள்ளும், ஆள் குப்புற விழ வேண்டியதுதான். அதனால் பிரிசி எல்லாச் சுற்றையும் மேலேயே முடித்துவிட்டுத்தான் இறங்குவாள். அந்தப் பலகை கொடுத்த நல்ல பழக்கம் அது. கெட்ட பழக்கம் ஒன்றும் கொடுத்தது. இறங்கிய பிறகு வழுக்கிக்கொண்டு நீளமாகப் போக அங்கே வழியில்லை, எனவே உண்மையான ஐஸிலும் அவள் இறங்கினால் அப்படியே நின்றுவிட்டது போலத் தெரியும். சுற்றுக் குறைந்து இறங்குகிறவர்களும் அப்படித்தான் நிற்பார்கள். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நம் நாட்டில் மேசையில் உட்காருகிறவர்களில் அந்தப் பலகையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அவளுக்குப் பதினாறு வயதானபோது அந்தப் போட்டி வந்தது. பெண்கள் ஒற்றையரில் முதலாவது வருகிறவள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவாள். இரண்டாவது வருகிறவள் வீட்டுக்குப் போவாள். பிரிசிக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, அதோடு சவரிமுத்துவுக்கு முதுகு போய்க்கொண்டிருந்தது, லோரியை எவ்வளவு நாள் ஓட்டுவார் என்று தெரியாது. அவளுக்கு அது முதல் வாய்ப்பு. கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கண்ட்ரோலராக என் பெயர் வந்ததும் அந்தப் போட்டியின் ரெஃப்ரீயிடம் போய், பிரிசி எனக்கு வேண்டிய பிள்ளை என்று சொன்னேன். சொந்தக்காரியா என்று கேட்டார். இல்லை. உன் வீட்டில் தங்குகிறாளா? இல்லை. நீ பயிற்சி கொடுத்தாயா? இல்லை. அப்படியென்றால் உட்கார், எனக்கு வேறு ஆள் எங்கே இருக்கிறது என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. நானும் விட்டுவிட்டேன்.

ஆட்டத்துக்கு முன்னால் நடைபாதையில் பிரிசி எதிரே வந்தாள். தலையில் கிளிப், கையில் பிளேடு உறை, முகம் வெளிறியிருந்தது. "அத்தை" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். முதலிடத்துக்குப் போட்டியிட்ட இன்னொரு பெண்ணின் அம்மா, கோலாலம்பூர்த் தமிழர், எனக்கு நல்ல பழக்கம்.

"உங்க அண்ணன் மகளா?" என்று கேட்டார்.

இல்லை, தோட்டத்துப் பிள்ளை, சும்மா அப்படிக் கூப்பிடுவாள் என்றேன்.

"பரவால்ல லா. மேசையில சொந்தம் இருந்தா நல்லதுதானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு போய் எங்கள் மேசைக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

எழுந்து போய் ரெஃப்ரீயிடம், என்னால் இன்று முடியாது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர் ஆடும்போது விலக வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. யாருடைய வாய்க்காவது பயந்துவிட்டாலும் விலக வேண்டும் என்று அதில் இல்லை. நீங்களே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிசி அன்று ஆடியதைப் போல அதற்கு முன்போ பின்போ ஆடவில்லை. கடைசி நிமிஷத்தில் டபுள் ஆக்சல். தாவல்களில் ஆக்சல் ஒன்றுக்குத்தான் முன்பக்கம் பார்த்தபடி புறப்பட்டுப் பின்பக்கம் பார்த்தபடி இறங்க வேண்டும், ஆகவே டபுள் என்றால் இரண்டரைச் சுற்று. எங்களிடம் இருந்த கேமரா ஒன்றே ஒன்று, அதுவும் மேசைக்குப் பக்கத்தில். அவள் அந்தத் தாவலை அரங்கின் அந்தப்புற மூலையில் வைத்திருந்தாள். தாவினாள், இறங்கினாள், வழக்கம்போல நின்ற மாதிரி ஒரு கணம், பிறகு போய்விட்டாள். விழவில்லை, தடுமாறவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தோம். இறங்குகிற காலை மற்றக் கால் மறைத்தது. பிளேடு ஐஸைத் தொடுகிற அந்த நொடி படத்தில் தெரியவேயில்லை. நிபுணர் பினாங்கிலிருந்து வந்த இளைஞர், முழுமை என்றார். துணை நிபுணர் பக்கத்து நாட்டிலிருந்து வந்த பெண்மணி, அனுபவசாலி. குறை என்றார். இறங்கியதும் நின்றுவிட்டாள், ஓட்டமே இல்லை, முழுதாகச் சுற்றியிருந்தால் ஏன் நிற்கப் போகிறாள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரிந்த ஒரே ஆள் நான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

படத்தில் தெளிவில்லை என்றால், சந்தேகத்தின் பலன் ஆடுகிறவருக்குத்தான். நாம் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித் தருவது அது. யோசிக்க ஒன்றுமே இல்லை. "தெளிவில்லை, முழுமை" என்று இரண்டு வார்த்தை. அந்தப் பலகையைப் பற்றி நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் மூன்றாவது வரிசை இருந்தது. வேறு எந்தப் பெண்ணுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருப்பேன். இவளுக்குக் கொடுத்தால் இவள் நம்மாள் என்பதால் கொடுத்தேன் என்பார்களே என்று நினைத்தேன். நினைக்க ஆறேழு விநாடிதான் ஆயிற்று.

"குறை" என்றேன்.

துணை நிபுணர் தலையாட்டினார். அந்த இளைஞர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பிரிசி இரண்டாவது வந்தாள். முதலாவதுக்கும் அவளுக்கும் இருந்த இடைவெளி, அந்த ஒரு தாவலை முழுமை என்று எடுத்திருந்தால் மறைந்து போயிருக்கும். முதலாவது அந்த அம்மாளின் மகள். நல்ல ஆட்டக்காரி, அவள் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடைபாதையில் பிரிசி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "பரவால்ல அத்தை. அடுத்த வாட்டி முழுசா சுத்துறேன்" என்றாள்.

இதுவரைக்கும் நடந்தது தவறு. எல்லாரும் செய்வார்கள், நீங்களும் செய்வீர்கள். அடுத்து நடந்ததற்கு அந்தப் பெயர் போதாது.

மறுநாள் காலை சவரிமுத்துவிடமிருந்து ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. அந்த மூலையில்தான் டபுள் ஆக்சல் வரும், அங்கே நில்லுங்கள் என்று மகள் சொல்லியிருந்தாளாம். அவர் அங்கேயே தடுப்பை ஒட்டி நின்று எடுத்திருக்கிறார். கூடவே அவர் குரல். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க குறையுதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொன்னீங்கன்னா புள்ள திருத்திக்குவா. நீங்க சொன்னா அவ கேப்பா." குறை சொல்ல வரவில்லை அவர். பாடம் கேட்டு வந்தார்.

அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்தேன். விரல் ஒன்று ஓரத்தில் மறைத்திருந்தது, ஆனால் கால் மறையவில்லை. பிளேடு பின்பக்கம் பார்த்தபடி, நேராக, சுத்தமாக வந்து இறங்கியது. இரண்டரைச் சுற்று, ஒரு இம்மி குறையவில்லை. நான் அதைப் பத்துத் தடவைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவையாவது குறைந்து தெரியாதா என்றுதான் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வெளியாட்கள் எடுத்த படத்தை வைத்து மேசையின் முடிவை மாற்ற முடியாது. கையெழுத்துப் போட்டாயிற்று, முடிவு முடிவுதான். அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பதக்கம் திரும்பி வரப்போகிறதா, மேசையின் பெயர் கெடும், அவர்களுக்கும் ஆறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சவரிமுத்துவுக்குப் பதில் பேசி அனுப்பினேன். "கொஞ்சம்தான் குறையுது தம்பி. இன்னும் கொஞ்சம் சுத்தணும்னு சொல்லுங்க."

தேங்க்ஸ்க்கா என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் பிரிசியின் ஆட்டம் கெட்டது. டபுள் ஆக்சலில் அடிக்கடி விழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். வளர்கிற வயது, உடம்பு மாறும், இந்த வயதில் பெண் பிள்ளைகளுக்கு நடப்பதுதான் என்று நான்கு பேரிடம் நானே விளக்கம் சொன்னேன். பிறகு பிரிஞ்சாங் பலகையில் பயிற்சி செய்யும்போது முழங்கால் திருகிக்கொண்டது. தசைநார் கிழிந்துவிட்டது. ஈப்போவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சவரிமுத்து நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். அவள் அதோடு ஸ்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டாள். அந்த ஹோட்டலும் கொஞ்ச நாளில் பலகைகளைப் பிரித்துவிட்டது.

இது நடந்து ஏழு வருஷம் ஆகப்போகிறது. ஓய்வு பெற்று நான் தானா ராத்தாவுக்கே திரும்பி வந்து இரண்டு வருஷம். மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், அது சுலபம், அவருக்கு ஆக்சல் என்றால் என்னவென்று தெரியாது. எழுதித் தரச் சொன்னதும் பழைய கதையையே எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வந்துவிட்டது, நன்றாகவும் வந்திருந்தது. படித்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவளிடம் சொல்லாமல் இதை இனி எழுதக் கூடாது என்று தோன்றியது.

போன புதன்கிழமை தோட்டத்துக்குப் போனேன். தொழிற்சாலைக்கு மேலே சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு தேநீர்க் கடை இருக்கிறது, பிரிசி அங்கேதான் வேலை பார்க்கிறாள். மழை, அதோடு மூட்டம், கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் சரிவு எதுவும் தெரியவில்லை. கூட்டமும் இல்லை. என்னைப் பார்த்ததும் கேட்காமலே டீயும் ஒரு ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். படியில் ஏறி வரும்போது அந்தக் காலை இன்னும் கொஞ்சம் பார்த்துத்தான் வைக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பிரிசி, அன்னைக்கு உன் டபுள் ஆக்சல் முழுசாத்தான் இருந்துச்சு" என்றேன். மேசையில் நடந்ததையும், அவள் அப்பாவின் வீடியோவைப் பார்த்ததையும், பார்த்துவிட்டு என்ன பதில் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். பயந்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு காரணம் எதுவும் சேர்க்கவில்லை.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணக்குப் போடுகிறவள் போல மெதுவாகப் பேசினாள்.

"கோச்சு அன்னைக்கே சொன்னாரு அத்தை, உன் ஜம்ப்பு நல்லாத்தான் இருக்கு, மாத்தாதேன்னு. நான்தான் கேக்கல. அத்தை சொல்லிட்டாங்க, குறையுதுன்னேன்."

மேசைமேல் இருந்த தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

"வேற யாராச்சும் குறைன்னு சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். நீங்க சொன்னீங்க. எனக்குக் குறைவா போடணும்னு உங்களுக்கு என்ன இருக்கு? அதனால நிஜமாத்தான் குறையுதுன்னு நினைச்சேன். இன்னும் சுத்தணும், இன்னும் சுத்தணும்னு சுத்தினேன்."

அவள் கை தானாக முழங்காலுக்குப் போயிருந்தது. தேவைக்கு மேல் சுற்றி இறங்கினால் உடம்பு திரும்பிக்கொண்டே இருக்கும். ஐஸில் என்றால் பிளேடும் கூடவே திரும்பும். பலகையில் பிளேடு நின்றுவிடும், முழங்கால் திரும்பும். இதை நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்ப நான் ஒன்னுமே மாத்தியிருக்க வேணாம், இல்லையா அத்தை?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன்.

இத்தனை வருஷ வேலையில் நான் சந்தேகமே இல்லாமல் சொன்ன முடிவு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. சொல்ல வேண்டிய நேரத்துக்கு ஏழு வருஷம் பிந்திச் சொன்னேன். தவறான முடிவு கொடுப்பீர்கள், பிள்ளைகளே. கண் ஏமாறும், கேமரா ஏமாற்றும், பயம் வரும். மதிப்பெண்ணை மாற்ற முடியாமல் போகும். ஆனால் ஆடினவள் வந்து என் தாவல் எப்படி இருந்தது என்று கேட்டால், அதற்கு உண்மையான பதில் சொல்ல எந்த விதியும் உங்களைத் தடுக்காது. அவள் நாளைக் காலையில் அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் மறுபடி தாவப் போகிறாள். உங்களை நம்புகிறவளாக இருந்தால் இன்னும் மோசம், ஒரு சொல்லைக்கூடத் தட்டிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவாள்.

இதை எழுதப்போகிறேன், எழுதலாமா என்று பிரிசியிடம் கேட்டேன். பெயரை மாற்றிவிட்டு எழுதுங்கள் என்றாள். சவரிமுத்து வீட்டுக்கும் இப்போதே போய்ச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று எழுந்தேன். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை. எங்க ஆளே மேசையில இருந்தும் ஒரு புள்ளி கூடப் போட்டுக் குடுக்கல, என் மக நேர்மையாத் தோத்தான்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்காரு. லோரியும் போச்சு, முதுகும் போச்சு. அவருக்குச் சொல்லிக்க அது ஒன்னுதான் இருக்கு. அதையும் எடுத்துறாதீங்க."

கோவிலில் நாங்கள் ஒரே பூசைக்குப் போகிறவர்கள். முதுகு வலியோடு சவரிமுத்து சீக்கிரமே வந்து, தன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வைத்திருந்தார். "வாங்கக்கா" என்று தள்ளி உட்கார்ந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.